கால் நிமிர்ந்து நின்றது, உள்ளே எண்ணெய் இல்லை

விமானத்தின் இடது கால், அதாவது சக்கரத்தைத் தாங்கும் தூண், தாழ்ந்துவிட்டது என்று அண்ணன் போன் செய்தபோது நான் மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷெட்டில் ஹைட்ராலிக் சிலிண்டர் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தொழிலே அதுதான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் வரைக்கும் தோல் மெஷின்களின் சிலிண்டர், ஜேசிபி சிலிண்டர் என்று எது ஒழுகினாலும் என் பட்டறைக்கு வரும். சீல் மாற்றுவது, பிஸ்டன் ராடுக்குக் குரோம் ஏற்றி வாங்குவது, பிரஷர் போட்டுப் பார்ப்பது, இதில் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அதனால் விமானத்துக் காலும் ஒரு சிலிண்டர்தானே என்று நினைத்துப் போனேன். பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஊர் முறையில் அண்ணன். ஒடுகத்தூர் பக்கம் மாந்தோப்பில் தகரக் கொட்டகை போட்டு, வரைபடம் வாங்கி வைத்துக்கொண்டு, எட்டு வருஷமாக இரண்டு பேர் உட்காரும் ஒரு விமானத்தைத் தன் கையாலேயே கட்டிவருகிறார். எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி, முன்னால் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் சின்ன வால்சக்கரம். பறப்பதற்கான அனுமதிக் காகிதங்கள் இன்னும் முடியவில்லை, அது தனிக் கதை. இப்போதைக்குத் தோப்பை ஒட்டிய தன் நிலத்திலேயே தரையில் ஓட்டிப் பார்ப்பதோடு சரி. அப்துல்லாபுரத்தில் இருக்கிற ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஆள் அவர். பஸ் அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சிறிய விமானங்களில் கால் பல விதமாக இருக்கும். வளையும் பட்டை எஃகு ஒரு விதம். ஸ்டீவ் விட்மன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து செஸ்னா கம்பெனிக்கு உரிமை கொடுத்தது அது, பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமே கேட்காது. ரப்பர் கயிற்றைச் சுற்றிக் கட்டியவை உண்டு, அதில் சில வருஷத்துக்கு ஒருமுறை கயிறு மாற்ற வேண்டும். அழுத்தினால் நசுங்கும் ரப்பர் கட்டைகளை அடுக்கி வைத்தவையும் உண்டு, இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ விமானத்திலேயே அதுதான் இருந்தது. அண்ணன் தேர்ந்தெடுத்தது ஓலியோ, அதாவது எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வேலை செய்யும் கால். இறங்கும்போது ஓலியோ மாதிரி அடியை விழுங்குவது வேறு எதுவும் இல்லை. பதிலுக்கு, கவனிப்பு கேட்கும்.

வேலை செய்யும் முறை சுலபம்தான். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது. கீழே எண்ணெய், அதற்கு மேல் அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன். நைட்ரஜன்தான் ஸ்பிரிங். நடுவில் ஒரு சின்ன துவாரம் இருக்கும். சக்கரம் தரையில் மோதும்போது எண்ணெய் அந்த துவாரம் வழியாகத் திணறித்திணறித்தான் மேலே போக முடியும், அந்தத் திணறலில் மோதலின் வேகமெல்லாம் சூடாக மாறிப் போய்விடும். பீரங்கி சுட்டதும் குழல் பின்னால் பாய்ந்து மெதுவாகத் திரும்பி வருமே, அதே வேலை. பிரெஞ்சுக்காரர்கள் 1897லேயே தங்கள் 75 மில்லிமீட்டர் பீரங்கியில் எண்ணெயும் வாயுவும் வைத்து இதைச் செய்துவிட்டார்கள்.

பீரங்கி உதாரணம் என்னுடையது இல்லை, மாமா சொன்னது. மாமா கம்மவான்பேட்டைக்காரர். அந்த ஊரைப் பற்றி வேலூரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர். இவர் போனது ஏர்போர்ஸ், விமானத்தின் உடம்பு, கால், பிரேக் எல்லாம் பார்க்கும் ஃபிட்டர் வேலை. ரிட்டயர் ஆகி வந்து நிலம் பார்த்துக்கொண்டிருந்தவரை அண்ணன்தான் தேடிப் பிடித்தார்.

சரி, நடந்தது இதுதான். அந்தக் காலில் விமானம் சும்மா நிற்கும்போது உள்குழாயின் குரோம் பூசிய பகுதி ஒன்பது சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். இடது காலில் நாலுதான் தெரிந்தது. நான் பட்டறையிலிருந்து நைட்ரஜன் சிலிண்டரைக் கொண்டுபோய், ரெகுலேட்டர் மாட்டி, ஸ்கேல் வைத்து, ஒன்பது சென்டிமீட்டர் வரும்வரை ஏற்றினேன். இரண்டு காலும் சமமாக நின்றது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், வால்வில் ஒரு குமிழ்கூட இல்லை. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தரையில் ஓட்டியபோது, மழைத் தண்ணீர் அறுத்த ஒரு சின்ன வாய்க்காலில் இடது சக்கரம் இறங்கி ஏறியது. டொக் என்று ஒரு சத்தம், இரும்பும் இரும்பும் இடித்த சத்தம். வரப்பில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நேராக என்னிடம்தான் வந்தார்.

“இன்னா நைனா, காத்து ஏத்துனியே, உள்ள எண்ணெய் எவ்ளோ கீதுன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. “வால்வில் லீக் இல்லை மாமா, சோப்பு போட்டுப் பார்த்தேன்” என்றேன்.

“காத்து ஏத்துனா கால் நிமுந்துக்கும். எண்ணெய் திரும்பி வந்துருமா?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். கால் தாழ்ந்திருந்தால் வாயு போயிருக்கலாம், எண்ணெய் போயிருக்கலாம், இரண்டும் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். வாயுவை மட்டும் ஏற்றினால் மூன்றிலும் கால் நிமிர்ந்துவிடும், ஸ்கேலும் சரியான அளவைக் காட்டும். ஆனால் எண்ணெய் குறைந்த கால் சும்மா நிற்கும்போது மட்டும்தான் கால்.

மறுநாள் இரவு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானத்தின் மொத்த எடை 600 கிலோ, ஒவ்வொரு முன்காலிலும் சுமார் 270 கிலோ. பிஸ்டன் விட்டம் 38 மில்லிமீட்டர், பரப்பு 11.3 சதுர சென்டிமீட்டர். ஆக, நிற்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 24 கிலோ அழுத்தம். சரியான அளவு எண்ணெய் இருந்தால், நிற்கும் நிலையில் வாயு நிற்கிற இடத்தின் உயரம் 13 சென்டிமீட்டர். கால் அடிமட்டம் வரை அமுங்கினால் அது 4 ஆகச் சுருங்கும், அழுத்தம் 78க்கு ஏறும். அதாவது இரும்பு இரும்பில் இடிக்கும் முன் அந்த ஒரு கால் 880 கிலோ வரை தாங்கும், நிற்கும் சுமையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இப்போது 110 மில்லி எண்ணெய் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீ கிளாஸ் அளவுதான். அந்த இடத்தை வாயு பிடித்துக்கொள்ளும், 13 இருந்த இடத்தில் 23 ஆகும், முழுசாக அமுங்கினால் 14. அழுத்தம் 39க்கு மேல் ஏறவே ஏறாது. 445 கிலோ வந்தாலே கால் தரைதட்டிவிடும். எண்ணெய் துவாரத்தில் திணறித் தாங்குவதை இதில் சேர்க்கவில்லை, அதுவும் எண்ணெய் குறைந்தால் கெட்டுப்போகும். தோராயக் கணக்குதான். ஆனாலும் 880க்கும் 445க்கும் உள்ள வித்தியாசம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தெரியாது என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு சின்ன வாய்க்காலிலேயே இடித்த கால், நாளைக்கு நிஜமாக இறங்கும்போது என்ன செய்திருக்கும்?

110 மில்லி என்று நான் சும்மா சொல்லவில்லை. அன்று பகலில்தான் கழற்றி அளந்திருந்தோம். 330 இருக்க வேண்டிய இடத்தில் 220தான் வந்தது.

கழற்றுவதில் மாமா வைத்த ஒரே ஒரு சட்டத்தை இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது. காலின் இரண்டு குழாய்களையும் இணைத்து, கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் ஒரு இணைப்பு இருக்கும். சக்கரம் பக்கவாட்டில் திரும்பாமல் பிடிப்பது அதுதான். பல கால்களில், கீழ்க்குழாய் வெளியே வந்துவிடாமல் தடுத்து வைத்திருப்பதும் அதேதான். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அந்த போல்டைக் கழற்றினால் பிஸ்டனும் சக்கரமும் பீரங்கிக் குண்டு மாதிரி வெளியே வரும், எதிரே ஆள் இருந்தால் ஆள் இல்லை. அதனால் முதல் வேலை அழுத்தத்தை இறக்குவது. அதையும் மெதுவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. எண்ணெயும் வாயுவும் கலந்து சிவப்பு நுரையாகப் பீச்சும். அது நின்ற பிறகும் மாமா இறக்கையின் நுனியைப் பிடித்து நாலு தடவை மேலும் கீழும் ஆட்டினார். சீல் பிடித்துக்கொண்டு கால் இறங்காமல் நிற்கலாம், கை உள்ளே இருக்கும்போது திடீரென்று இறங்கலாம். கால் முழுக்க உட்கார்ந்துவிட்டதை நானும் அவரும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் வாலில் மணல் மூட்டை கட்டி, சட்டத்தில் அதற்கென்று இருக்கிற இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினோம்.

உள்ளே இருந்து வந்த ஓ-ரிங்கை, அதாவது எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, கையில் எடுத்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டிருந்தது, ஆங்கில D எழுத்து மாதிரி. இரண்டு வருஷம் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் நசுங்கி நின்றிருக்கிறது. ஓடுகிற வண்டிதான் தேயும், நிற்கிற வண்டி அப்படியே இருக்கும் என்று நினைப்போம். ரப்பருக்கு அது பொருந்தாது. சைக்கிள் பம்பை ஆறு மாதம் பரணில் போட்டுவிட்டு எடுத்தால் உள்ளே தோல் வாஷர் காய்ந்து காற்றே பிடிக்காது, தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைப்போமே, அதே கதை. மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய விமானங்களில் ஓ-ரிங்குக்குப் பக்கபலமாக வைக்கும் வளையம் தோலில்தான் இருந்ததாம். தோலின் வழவழப்பான மயிர்ப்பக்கம் ஓ-ரிங்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும், சதைப்பக்கம் இல்லை. இதைத் தோல் ஷெட்டில் ஒரு பெரியவரிடம் சொன்னேன், நம்ம ஊர்த் தோல்கூட எங்கேயாவது பறந்திருக்கும் போல என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓ-ரிங் மட்டும் காரணம் இல்லை. குரோமில் ஒரு இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு குழி. கண்ணால் பார்த்தால் கறை மாதிரிதான் இருந்தது, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. வெளியே தெரியும் பகுதியில்தான் இருந்தது, தூசியும் ஈரமும் சேர்ந்து அங்கே உட்கார்ந்து அரித்திருக்கிறது. கால் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி சீலைக் கடந்து போகும், போகும்போது ஒரு துளி எண்ணெயை வெளியே கொண்டுவரும்.

அந்தத் துளிகள் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? கொட்டகையில் வேலை செய்யும் பையன் அக்கறையான பையன். தினமும் காலையில் இரண்டு காலையும் துணியால் பளபளவென்று துடைத்து வைத்துவிடுவான். அந்தத் துணி மூலையில் கிடந்தது, எடுத்து விரித்துப் பார்த்தால் வெளிர் சிவப்பு. இந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பதால் ஒழுகினால் தெரிந்துவிடும். அவன் மேல் தப்பே இல்லை, துடை என்று சொன்னோம், துணியைப் பார் என்று சொல்லவில்லை. இப்போது இடது காலுக்கு ஒரு வெள்ளைத் துணி, வலது காலுக்கு ஒரு வெள்ளைத் துணி, ஆணியில் தனித்தனியாகத் தொங்குகிறது. துடைப்பதும் அதே சிவப்பு எண்ணெயைத் தொட்டுத்தான், பெட்ரோலோ தின்னரோ கிடையாது.

குரோம் வேலைக்கு வருகிறேன். என் தொழிலில் ராடுக்குக் குரோம் ஏற்றி, கிரைண்டிங் செய்து, அன்றே மாட்டிவிடுவோம். விமானத்துக் காலில் அப்படிச் செய்யக் கூடாது. குரோம் தொட்டியில் இருக்கும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். ஜேசிபி ராடு மாதிரி சாதாரண இரும்புக்கு ஒன்றும் ஆகாது. வலுக் கூட்டிய எஃகு என்றால் உள்ளே இருந்தே நொறுங்க வைத்துவிடும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். அதனால் முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, சுமார் 190 டிகிரியில், மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் சுட வேண்டும். எஃகின் வலு கூடக்கூட இந்த நேரமும் கூடும், 23 மணி நேரம் வரைக்கும்கூடப் போகும். நான் வழக்கமாகக் கொடுக்கும் இடத்தில் அதெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அம்பத்தூரில் அடுப்பு வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, எத்தனை மணிக்குத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள், எத்தனை மணிக்கு அடுப்பில் வைத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். மூன்று வாரம் போயிற்று. போகட்டும்.

எண்ணெயைப் பற்றியும் ஒன்று. இந்தக் காலுக்குள் இருக்கும் ஓ-ரிங் நைட்ரைல் ரப்பர், அதற்குப் பொருத்தம் 5606 என்ற சிவப்பு மினரல் எண்ணெய். அவசரத்துக்குக் கார் பிரேக் ஆயில் விட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். விடவே கூடாது. அது வேறு ஜாதி திரவம், நைட்ரைல் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரசர் காற்றும் சரியில்லை, அதில் ஈரம் இருக்கும், உள்ளே துருப்பிடிக்கும். ஆக்சிஜனை நினைக்கவே கூடாது, அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள், நைட்ரஜன் என்றால் சாம்பல் உடம்பும் கறுப்புக் கழுத்தும், ஆக்சிஜன் என்றால் கறுப்பு உடம்பு. டயர் கடை நைட்ரஜன் போதுமா என்றால் போதாது, 24 கிலோ அழுத்தம் அங்கே கிடைக்காது.

புது ஓ-ரிங்கை ஏற்றும்போது குழாயின் நுனியில் இருக்கும் மரை அதைச் சீவிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் போதும், மறுபடி முதலிலிருந்து. அதற்கு மரை மேல் ஏதாவது மெல்லிசாக, வழவழப்பாகச் சுற்றிக்கொண்டு அதன் மேல் வழுக்கி ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் கவர் சுற்றினோம், சுருங்கிச் சுருங்கி மாட்டியது. அண்ணி உள்ளே போய் பீரோ மேலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்து வந்தார்கள், சி.எம்.சி.யில் எடுத்த பழைய எக்ஸ்ரே. வேலூரில் எந்த வீட்டில் இல்லை! அந்த ஃபிலிமை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, சுருட்டி, மரை மேல் மாட்டி, சிவப்பு எண்ணெய் தடவி ஓ-ரிங்கை விட்டோம். விரலால் தள்ளத் தள்ள, ஃபிலிம் மேல் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய்த் தன் பள்ளத்தில் உட்கார்ந்தது. யாரோ ஒருவரின் முழங்கை எலும்பு அந்தச் சுருளில் பாதி தெரிந்தது.

எண்ணெய் நிரப்பும் முறை இதுதான். காலை முழுசாக அமுக்கி வைத்து, வால்வைக் கழற்றி, அந்த ஓட்டை வரைக்கும் எண்ணெய் விட வேண்டும். அதோடு நிறுத்தினால் உள்ளே காற்று சிக்கியிருக்கும். ஓட்டையில் ஒரு ஒளி ஊடுருவும் டியூபை இறுக்கமாக மாட்டி, மறுமுனையை எண்ணெய் பாட்டிலில் முக்கி வைத்து, சக்கரத்தை மெதுவாக இறக்கி, மெதுவாகத் தூக்க வேண்டும். இறக்கும்போது கால் எண்ணெயைக் குடிக்கும், தூக்கும்போது குமிழ் குமிழாகக் காற்றைத் துப்பும். நான் ஏழு தடவையில் போதும் என்றேன். மாமா பதினோராவது தடவை வரை விடவில்லை, பதினொன்றாவதில் டியூபில் ஒரு குமிழும் இல்லை. அப்புறம் காலை அமுக்கிய நிலையிலேயே வால்வை மாட்டி, சக்கரத்தைத் தரையில் வைத்து, விமானத்தின் எடை காலில் இறங்கிய பிறகு நைட்ரஜன் ஏற்றினோம். கொஞ்சம் ஏற்று, இறக்கையை ஆட்டு, அளந்து பார், மறுபடி கொஞ்சம்.

வெயில் ஒரு பெரிய விஷயம், நம்ம ஊரில் சொல்லவே வேண்டாம். மார்கழிக் காலையில் 18 டிகிரிக்கு ஒன்பது சென்டிமீட்டர் வைத்த கால், கத்திரி வெயிலில் 42 டிகிரி மதியத்தில் வாயு விரிந்து பத்து காட்டும். அதைப் பார்த்து யாராவது வாயுவை இறக்கிவிட்டால் அடுத்த மார்கழியில் கால் தாழ்ந்திருக்கும். அதனால் உயரம் எழுதும்போது பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுகிறோம். எழுத ஆரம்பித்த பிறகு ஒன்று பிடிபட்டது. எண்ணெய் குறைந்த காலில் வாயு அதிகம், அதனால் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே அது தன் ஜோடிக் காலைவிட அதிகமாக ஏறி இறங்க வேண்டும். கணக்குப்படி, ஒரே நாளில் 16 டிகிரி ஏறினால் நல்ல காலுக்கு 7 மில்லிமீட்டர், குறைந்த காலுக்கு 12. இரண்டு காலையும் ஒன்றாக அளந்து வந்திருந்தால் எதையும் கழற்றாமலே சந்தேகம் வந்திருக்கும். சீல் பிடிப்பதால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அளக்கும் முன் இறக்கையை ஆட்டிவிட்டு அளந்தால் சரியாக வருகிறது.

இடது காலை முடித்ததும் மாமா வலது காலைக் காட்டினார். அது சரியாகத்தானே நிற்கிறது என்றார் அண்ணன். “இதுவும் அப்டித்தானே நின்னுது” என்றார் மாமா. கழற்றினோம். 330க்கு 305 இருந்தது, குரோம் சுத்தம், ஓ-ரிங் அதே D எழுத்து. மாற்றிவிட்டோம்.

நேற்றோடு ஐந்து வாரம். இரண்டு வெள்ளைத் துணியும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. வாரம் ஒருமுறை விமானத்தைத் தள்ளி வேறு இடத்தில் நிறுத்தி, இறக்கையை ஆட்டி, ரப்பரைக் கொஞ்சம் அசைத்துவிடுகிறோம், ஒரே இடத்தில் நசுங்கி நிற்க வேண்டாம் என்று. நோட்டில் நேற்றைய வரி பையன் கையெழுத்தில் இருக்கிறது: காலை 6.30, 25 டிகிரி, இடது 9.1, வலது 9.2, துணி பார்த்தேன்.